படிவத்தில் அடங்காத உயிர்கள்

கட்டடம் எழும்புவதற்கு முன் ஒரு மனையில் என்ன இருந்தது என்று கேட்டால், பத்திரப் பதிவு அலுவலகம் உடனே விடை தந்துவிடும். சர்வே எண், பரப்பளவு, நான்கு எல்லைகள், முன்னாள் உரிமையாளரின் பெயர், அவருக்கு அது வந்த வழி என எல்லாம் முத்திரைத் தாளில் இருக்கும். அதே மனையில் பத்திரமில்லாமல் குடியிருந்த உயிர்கள் எவை என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது. பெரிய கட்டடங்களைப் பொறுத்தவரை, வேலை தொடங்குவதற்கு முன்பே இந்தக் கேள்வியையும் கேட்டாக வேண்டும் என்கிறது மத்திய அரசு 2006 செப்டம்பர் 14 அன்று வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. கேள்வி கேட்கப்படுகிறது என்பதும் உண்மையே. ஆனால் கேட்கும் முறையில் அறிவியல் மிகக் குறைவு. அந்தக் குறை எங்கே இருக்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

எடுத்துக்காட்டுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. சென்னைக்கு மேற்கே, பாடிக்கும் அம்பத்தூருக்கும் இடையில் இருப்பது மண்ணூர்பேட்டை. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த இந்தப் பகுதியில் 1960-களில் தொழிற்பேட்டை வந்தது. பட்டறைகளும் ஆலைகளும் பெருகின. பின்னர் அவற்றுள் பல நலிந்து மூடப்பட்டன. அந்த மனைகளில் இன்று மென்பொருள் அலுவலகங்களும் அடுக்குமாடி வீடுகளும் எழுகின்றன. ஆலை மூடிய நாளுக்கும் புதுக் கட்டடத்திற்குக் கடைக்கால் தோண்டும் நாளுக்கும் இடையே சில சமயம் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழிந்துவிடும். அத்தனை காலமும் மதில் சுவருக்குள் மனிதர் காலடி படுவதில்லை. மேய்ச்சலும் இல்லை, வெட்டும் இல்லை.

அப்படிப்பட்ட ஒரு மனையை வெளியிலிருந்து பார்ப்பவர் 'வெறும் புதர்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். புதர்தான், ஆனால் வெறுமையானதன்று. சீமைக் கருவேலின் நடுவே வேம்பும் நுணாவும் தலை தூக்கியிருக்கும். எருக்கஞ் செடியின் இலையை வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு தின்று வளரும். ஆமணக்கை நம்பி வாழும் வண்ணத்துப்பூச்சிகளும் உண்டு. செம்போத்தும் கீரியும் சாரைப் பாம்பும் இத்தகைய இடங்களை விரும்புகின்றன. இடிந்த கொட்டகையின் பொந்தில் புள்ளி ஆந்தை குடியேறும். மழைக் காலத்தில், பழைய இயந்திரங்களின் அடித்தளக் குழிகளில் நீர் தேங்கி ஓரிரு மாதம் நிற்கும். அதில் தவளைகள் முட்டையிட்டு, தலைப்பிரட்டைகள் வளர்ந்து, தண்ணீர் வற்றுமுன் கரையேறிவிடும். இவற்றில் எதுவும் அருகிவரும் உயிரினப் பட்டியலில் முதலிடம் பெறக் கூடியதன்று. ஆயினும் இருப்புப் பாதைக்கு வடக்கே உள்ள கொரட்டூர் ஏரியையும் மேற்கே உள்ள அம்பத்தூர் ஏரியையும் நாடிவரும் பறவைகளுக்கும் பூச்சிகளுக்கும் இத்தகைய திட்டுகள் இரையும் தங்குமிடமும் தருகின்றன.

இங்கே ஒருவர் கட்டடம் கட்ட நினைக்கிறார் என்று கொள்வோம். சட்டம் அவரிடம் என்ன கேட்கும்?

எதை அளக்கிறோம்?

முதலில், கேட்குமா என்பதே கேள்வி. 2006 அறிவிக்கையின்படி, கட்டப்படும் தளங்களின் மொத்தப் பரப்பு 20,000 சதுர மீட்டரையோ அதற்கு மேலோ எட்டினால்தான் சுற்றுச்சூழல் முன் அனுமதி தேவை. அதற்குக் கீழே இருப்பவர் இந்தப் படிவத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை.

தளப் பரப்பை அளவுகோலாகக் கொண்டதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு கட்டடம் எத்தனை லிட்டர் குடிநீர் கேட்கும், எவ்வளவு கழிவுநீர் விடும், எத்தனை கிலோவாட் மின்சாரம் இழுக்கும், எத்தனை வண்டிகளைச் சாலைக்கு அனுப்பும் என்பதெல்லாம் தளப் பரப்பைப் பொறுத்தவை. ஆனால் ஒரு தவளையின் வாழ்வைத் தீர்மானிப்பது பதினான்காவது மாடி அன்று. மூடப்படும் தரையின் பரப்பே அதற்கு முக்கியம்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் ஒன்றரை ஏக்கரில், அதாவது சுமார் 6,070 சதுர மீட்டரில், மனைப் பரப்பைப் போல் மூன்றேகால் மடங்கு தளப் பரப்புள்ள உயர்ந்த கட்டடம் எழுப்புகிறார். கணக்கு 19,700 சதுர மீட்டரைத் தாண்டும்; நிலவறை வண்டி நிறுத்தத்தையும் சேர்த்தால் 20,000-ஐ எளிதில் கடந்துவிடும். அவர் முன் அனுமதி பெற வேண்டும். இன்னொருவர் மூன்று ஏக்கரில், அதாவது 12,140 சதுர மீட்டரில், தனித்தனி வீடுகளாக வரிசையாய்க் கட்டுகிறார். தளப் பரப்பு 12,000 சதுர மீட்டர்தான். அவரிடம் எவரும் உயிரினங்களைப் பற்றிக் கேட்கப் போவதில்லை. இரண்டு மடங்கு நிலத்தைப் புரட்டுபவர் கேள்வியின்றிப் போகிறார். வெப்பத்தை அளக்கத் தராசை எடுத்துக்கொண்டு போவது போன்றது இது. தராசு நல்ல கருவிதான், வேறு வேலைக்கு.

கல்விக் கட்டடங்களுக்கும் தொழிற்சாலைக் கொட்டகைகளுக்கும் இந்த அனுமதியிலிருந்து விலக்குத் தரும் முயற்சிகளும் நடந்தன. 2025 ஜனவரி 29-இல் வந்த அறிவிக்கை அப்படி ஒரு விலக்கைத் தந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதியை நீக்கிவிட்டது. கல்லூரி ஆசிரியன் என்ற முறையில் இதை நான் வரவேற்கிறேன். பாடம் நடத்தும் கட்டடம் என்பதற்காகக் கொட்டப்படும் கான்கிரீட்டின் அடியில் மண்புழு பிழைத்துவிடுவதில்லை.

ஆறு கேள்விகள்

20,000 சதுர மீட்டரைத் தாண்டிய கட்டடத்திற்கு வருவோம். அறிவிக்கையின் பின்னிணைப்பில் 'படிவம் 1' என்றும் 'படிவம் 1அ' என்றும் இரண்டு படிவங்கள் உள்ளன. இரண்டாவது, கட்டடங்களுக்கென்றே வகுக்கப்பட்டது. விண்ணப்பம் இப்பொழுது கணினி வழியே போகிறது. அறிவிக்கை வகுத்த முறையில், கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கிடையாது. சுரங்கத்திற்கோ அனல் மின் நிலையத்திற்கோ ஊரைக் கூட்டிக் கேட்க வேண்டியிருக்கிறது. அடுக்குமாடிக்கு அது வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். எனவே படிவமும், திட்ட வரைபடமும், அவற்றைப் பரிசீலிக்கும் மாநில அளவிலான குழுவும் ஆணையமுமே எல்லாம்.

படிவம் 1அ-வில் தாவரங்களைப் பற்றி மூன்று கேள்விகளும் விலங்குகளைப் பற்றி மூன்று கேள்விகளும் உள்ளன. அவற்றின் பொருளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திட்டத்தால் உயிரினப் பன்மைக்கு ஆபத்து உண்டா? தாவரங்களைப் பெருமளவில் அகற்ற வேண்டியிருக்குமா? பாதிப்பைக் குறைக்க மரம் நடுதல், நீர்நிலை அமைத்தல் முதலிய என்ன ஏற்பாடு? நிலத்திலும் நீரிலும் வாழும் விலங்குகள் இடம் பெயர நேருமா, அவற்றின் போக்குவரத்துக்குத் தடை உண்டாகுமா? பறவைகளுக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ பாதிப்பு உண்டா? பாதிப்பைத் தணிக்க, விலங்குகள் செல்லும் வழிகள், மீன்கள் ஏறும் படிகள் போன்ற என்ன ஏற்பாடு செய்வீர்கள்?

மீன் ஏறும் படியைக் கண்டு நான் சற்றுத் திகைத்துப் போனேன். அணைக்கட்டுகளில் மீன்கள் மேல்நோக்கி நீந்திச் செல்ல அமைக்கப்படும் படிகள் அவை. மண்ணூர்பேட்டை மனையில் அதை எங்கே வைப்பது? வேறு வகைத் திட்டத்திற்கு எழுதிய கேள்வி இங்கே வந்து ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது.

கேள்விகள் தவறானவை என்று நான் சொல்லவில்லை. நல்ல கேள்விகளே. குறை வேறிடத்தில் இருக்கிறது. இதே படிவம் தண்ணீரைப் பற்றிக் கேட்கும்போது மொத்தத் தேவை எவ்வளவு, எந்த எந்தப் பயனுக்கு எவ்வளவு என்று அளவு கேட்கிறது. மின்சாரத்தைப் பற்றிக் கேட்கும்போது ஒரு சதுர அடிக்கு எவ்வளவு ஆற்றல் செலவாகும் எனக் கணக்கிட்டிருக்கிறீர்கள் என்று கேட்கிறது. எண்ணும் அலகும் இல்லாமல் அங்கே விடை எழுத இயலாது. உயிர்களின் பகுதிக்கு வந்ததும் எண்ணும் அலகும் மறைந்துவிடுகின்றன. 'விவரம் தருக' என்பதோடு கேள்வி முடிகிறது. எந்தப் பருவத்தில் பார்த்தீர்கள்? எத்தனை நாள் பார்த்தீர்கள்? காலையிலா, நண்பகலிலா, இரவிலா? எத்தனை பேர், எந்த முறையில்? இவற்றுள் ஒன்றையும் படிவம் கேட்பதில்லை. பௌதிக ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவன் கம்பியின் தடிமனை 'மெல்லியது' என்று எழுதிக் கொடுத்தால் நான் மதிப்பெண் போடுவேனா?

அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லா ஆசிரியர்களும் அறிந்த ஒரு வழக்கம் உண்டு. ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னால், சில மாணவர்கள் 9.8 என்ற விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்கு ஏற்ற அலைவு நேரங்களைப் பின்னால் நிரப்பிவிடுவார்கள். வர வேண்டிய விடை இன்னதென்று முன்கூட்டியே தெரிந்தால், அளவீடு அந்த விடையை நோக்கியே சாயும். படிவம் 1அ-வைக் கட்டுநர் தம் செலவில் அமர்த்தும் ஆலோசகர் நிரப்புகிறார். வர வேண்டிய விடை என்ன என்பது இருவருக்கும் தெரியும். ஆலோசகர் நேர்மையானவராகவே இருக்கட்டும். அவர் எப்பொழுது வரவழைக்கப்படுகிறார் என்பதையும் கவனியுங்கள். மனை கைமாறிய உடனே பொக்லைன் இயந்திரம் உள்ளே போய் 'சுத்தம்' செய்துவிடுவது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. அதன் பிறகு வரும் ஆலோசகர் கண்ணுக்குத் தெரிவது செம்மண் பரப்பும் மூலையில் இரண்டு வேப்ப மரங்களும்தான். 'குறிப்பிடத்தக்க உயிரினங்கள் இல்லை' என்று அவர் எழுதினால் அது பொய்யாகாது.

சுத்தம் செய்யாத மனைக்கே அவர் வந்தாலும் ஒரு நாளில் என்ன தெரிந்துவிடும்? இதற்குக் கதிரியக்கத்தை எண்ணும் கணக்கு உதவும். ஒரு மனையில் ஓர் உயிரினம் உண்மையாகவே வாழ்கிறது என்றும், ஒருமுறை போய்ப் பார்த்தால் அது கண்ணில் படும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு முறை பார்த்தால் தவறவிடும் வாய்ப்பு 80 விழுக்காடு. மூன்று முறை சென்றாலும் 51 விழுக்காடு. அதாவது நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம். பத்து முறை சென்றால்தான் அது 11 விழுக்காட்டுக்கு இறங்குகிறது. ஒவ்வொரு வருகையும் தனித்தனியானது என்ற எளிய அனுமானத்தில் போட்ட கணக்கு இது. பருவத்தையும் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம். மண்ணுக்குள் புதைந்து வாழும் தவளையை மே மாதத்தில் நூறு முறை தேடினாலும் காண முடியாது. அது வெளியே வருவது மழை பெய்த இரவுகளில். சென்னைக்கு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக் காற்றால் கிடைக்கிறது. வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகளும் ஏறக்குறைய அப்பொழுதே வரத் தொடங்கி, மார்ச்சு வாக்கில் திரும்பிவிடுகின்றன. ஆகவே கோடையில் எடுத்த கணக்கில் 'இல்லை' என்று ஒரு சொல் இருந்தால், அதற்கு 'நான் பார்த்த அன்று இல்லை' என்பதற்கு மேல் பொருள் கிடையாது.

ஒன்றுக்குப் பத்து

அனுமதி கொடுக்கும்போது சில நிபந்தனைகளும் சேர்க்கப்படுகின்றன. மத்திய அரசு 2019-இல் வகுத்தளித்த பொது நிபந்தனைகளில் உயிரினங்களைப் பற்றியவை மிகச் சில. மனையில் ஒவ்வோர் 80 சதுர மீட்டருக்கும் ஒரு மரம் வீதம் இருக்க வேண்டும். ஒரு மரத்தை வெட்ட நேர்ந்தால் பத்து மரம் நட வேண்டும். நாட்டு மரங்களையே திட்டத்தில் சேர்க்க வேண்டும்; விரிந்த கிளையும் அகன்ற இலையும் உள்ளவை விரும்பத்தக்கவை. மேல் மண்ணை 20 சென்டிமீட்டர் ஆழத்திற்கு வழித்தெடுத்துச் சேமித்துவைத்து, பிறகு மரம் நடும் இடத்தில் பயன்படுத்த வேண்டும்.

இவற்றில் கடைசி நிபந்தனையே எனக்கு மிகவும் பிடித்தது. மண்ணுக்குள் விதையும் பூஞ்சையும் புழுவும் இருக்கின்றன என்று இதை எழுதியவர் உணர்ந்திருக்கிறார். ஆனால் பத்து ஏக்கர் மனையில் ஆறு ஏக்கரை வழித்தால் சுமார் 4,850 கன மீட்டர் மண் சேரும். பத்துக் கன மீட்டர் பிடிக்கும் லாரியில் ஏற்றினால் 485 நடை. நெருக்கமான நகர மனையில் அதை இரண்டு மூன்று ஆண்டுகள் எங்கே குவித்துவைப்பது என்று நிபந்தனை சொல்லவில்லை. மண் போகும் இடம் வேறாகத்தான் இருக்கும்.

மரக் கணக்கையும் பார்ப்போம். பத்து ஏக்கர் என்பது 40,470 சதுர மீட்டர். 80-ஆல் வகுத்தால் 506 மரங்கள். மனை முழுவதும் வெற்றிடமாக இருந்தால் ஒன்பது மீட்டருக்கு ஒரு மரம் என்று நிதானமாக நடலாம். ஆனால் கட்டடமும் பாதையும் வண்டி நிறுத்தமும் போக, நடுவதற்கு ஏற்ற மண் மனையில் 15 விழுக்காடு மிஞ்சுகிறது என்று கொண்டால், 6,070 சதுர மீட்டரில் 506 மரங்கள். ஒரு மரத்துக்குப் பன்னிரண்டு சதுர மீட்டர். மரத்துக்கு மரம் மூன்றரை மீட்டர். ஆலும் அரசும் இலுப்பையும் இங்கே கை கால் நீட்ட முடியுமா? நிபந்தனையின் ஒரு வரி விரிந்த கிளையைக் கேட்கிறது; இன்னொரு வரி அதற்கு இடமில்லாமல் செய்கிறது. புது அடுக்குமாடிகளின் மதிலோரம் ஊசி போல் நெட்டிலிங்கம் வரிசையாக நிற்பதன் இரகசியம் இந்த வகுத்தல் கணக்கில் இருக்கிறது. நெட்டிலிங்கத்தின்மீது எனக்குப் பகையில்லை. அதன் பழத்தைக் குயிலும் பழந்தின்னி வவ்வாலும் தின்னும். ஆனால் ஒரே வயதும் ஒரே உயரமும் கொண்ட ஒரே இன மரங்களின் அணிவகுப்பை உயிரினப் பன்மை என்று எப்படிச் சொல்வது?

'ஒன்றுக்குப் பத்து' என்பது கேட்பதற்குத் தாராளமாக இருக்கிறது. பன்னிரண்டு மீட்டர் விரிந்த ஒரு தூங்குமூஞ்சி மரத்தையோ வேம்பையோ வெட்டினால் 113 சதுர மீட்டர் நிழல் போகிறது. அரை மீட்டர் விரிந்த பத்துக் கன்றுகள் தருவது மொத்தம் இரண்டு சதுர மீட்டர். பத்தும் பிழைத்து, ஒவ்வொன்றும் ஏறத்தாழ நான்கு மீட்டர் விரியும்போதுதான் பழைய நிழல் திரும்பும். அது பரப்புக் கணக்கு மட்டுமே. முதிர்ந்த மரத்தின் பொந்தில் கிளியும் மைனாவும் புள்ளி ஆந்தையும் முட்டையிடுகின்றன. பத்துக் கன்றில் எத்தனை பொந்து? நூறு கன்றானாலும் விடை சுழியமே. பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டும். எருக்கும் ஆமணக்கும் மழைக் குட்டையும் மரமே அல்லவாகையால் இந்தக் கணக்கில் அவை தொடக்கத்திலிருந்தே இல்லை.

இங்கிலாந்தின் அலகு

இதே கேள்விக்கு எண்ணால் விடை காண முயன்ற நாடு ஒன்று உண்டு. இங்கிலாந்தில் 2021-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டத்தின்படி, 2024 பிப்ரவரி 12 முதல் பெரிய கட்டடத் திட்டங்களும், ஏப்ரல் 2 முதல் சிறியவையும், சில விலக்குகள் நீங்கலாக, தாம் எடுத்துக்கொண்ட உயிர்வளத்தைவிடப் பத்து விழுக்காடு கூடுதலாகத் திருப்பித் தர வேண்டும். தந்ததை முப்பது ஆண்டுகள் காப்பாற்றவும் வேண்டும்.

இதற்கு அவர்கள் ஓர் அலகை வகுத்திருக்கிறார்கள். வாழிடத்தின் பரப்பை ஹெக்டேரில் எடுத்து, அதன் அருமைக்கு 0 முதல் 8 வரை ஓர் எண்ணாலும், நிலைமைக்கு 1 முதல் 3 வரை ஓர் எண்ணாலும், இருக்குமிடத்தின் முக்கியத்துவத்துக்கு ஓர் எண்ணாலும் பெருக்குகிறார்கள். புதிதாக உருவாக்கப் போகும் வாழிடத்துக்குக் கழிவும் உண்டு. அது முதிர்வதற்கு ஆகும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 3.5 விழுக்காடு வீதம் மதிப்பு குறைகிறது. முப்பது ஆண்டு கழித்து முதிரும் வாழிடத்துக்கு இன்று மூன்றில் ஒரு பங்கு மதிப்பே. நம் 'ஒன்றுக்குப் பத்து' விதியில் இல்லாத காலம் என்ற பரிமாணம் இங்கே வந்துவிடுகிறது. கைவிடப்பட்ட தொழிற்சாலை மனையில் தானாக முளைத்த புல்லும் புதரும் வெற்றிடமும் கலந்த திட்டு, குறித்த தகுதிகளைப் பெற்றிருந்தால், அவர்கள் பட்டியலில் உயர்ந்த அருமை பெறுகிறது. மண்ணூர்பேட்டையின் மதில்களை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் சற்று ஏக்கமாகவே இருக்கிறது.

பெருக்கல் வாய்பாட்டைக் கண்டதும் மயங்கிவிடக் கூடாது. பரப்பு ஒன்றுதான் இதில் அளந்த எண். மற்றவை வல்லுநர்கள் பேசி முடிவு செய்த மதிப்பெண்கள். பரீட்சை மதிப்பெண்ணையும் மாணவனின் உயரத்தையும் பெருக்கினால் ஓர் எண் வரும். அதை எந்தக் கருவியாலும் சரிபார்க்க முடியாது. மேலும் அந்த அலகு உயிரினங்களை எண்ணுவதேயில்லை. வாழிடம் நன்றாக இருந்தால் உயிர்களும் இருக்கும் என்று நம்பிக்கொள்கிறது. ஆற்றலைப் போல ஓரிடத்தில் அழிந்து வேறிடத்தில் அதே அளவில் தோன்றும் தன்மை உயிர்வளத்துக்கு இல்லை. இதை உணர்ந்துதான் முதுபெருங்காடு போன்ற சிலவற்றை ஈடு செய்ய முடியாதவை என்று கணக்கிலிருந்தே விலக்கிவைத்திருக்கிறார்கள். அவர்களுடைய வாழிடப் பட்டியலும் நமக்கு ஒத்துவராது. சித்திரையில் வெடித்துக் கிடந்து கார்த்திகையில் நிறைந்து நிற்கும் ஏரி உள்வாயை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது?

ஆயினும் அச்சட்டத்தில் நாம் அப்படியே எடுத்துக்கொள்ளத்தக்க விதி ஒன்று இருக்கிறது. 2020 ஜனவரி 30-க்குப் பிறகு அனுமதியின்றி எவரேனும் மனையைச் சுத்தம் செய்து உயிர்வளத்தைக் குறைத்திருந்தால், சுத்தம் செய்வதற்கு முன் இருந்த நிலையையே தொடக்க அளவாகக் கொள்ள வேண்டும். பொக்லைனை முதலில் அனுப்பி ஆலோசகரைப் பிறகு அழைக்கும் தந்திரம் அங்கே இலாபம் தராது.

பதிவேடு யார் கையில்?

தொடக்க அளவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சென்னை வேறொரு திசையில் கண்டுவிட்டது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் 1,248 ஹெக்டேர் 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் அதன் எல்லையும், அதைப் பாதிக்கக்கூடிய சுற்றுப்புறமும் தரையில் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பது அப்பொழுது வரையறுத்து முடியவில்லை. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், அந்த வரையறை முடியும்வரை ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் கட்டட அனுமதி தரக் கூடாது என்றது. அக்டோபர் இறுதியில், எல்லா அனுமதிகளையும் பெற்றிருந்த பெரும்பாக்கம் அடுக்குமாடித் திட்டம் ஒன்றுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அனுமதி சரியா தவறா என்பது நீதிமன்றம் தீர்க்க வேண்டியது. நாம் கவனிக்க வேண்டியது வேறு: படிவம், குழு, ஆணையம் என்று அத்தனை படிகளையும் கடந்த பிறகு, மனை சதுப்பு நிலத்துக்கு உள்ளேயா வெளியேயா என்ற முதற் கேள்வி எழுகிறது.

பள்ளிக்கரணைக்குப் பெயராவது இருக்கிறது. அதற்காக வழக்காட ஆளும் இருக்கிறது. மண்ணூர்பேட்டையின் குட்டைக்கு இரண்டும் இல்லை.

'வீடு வேண்டாமா?' என்று வாசகர்கள் கேட்கலாம். வேண்டும். அம்பத்தூர்ப் பக்கம் வாடகை ஏறுவதை அறிந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் நியாயம் புரியும். நான்கு பருவமும் கணக்கெடுத்த பிறகே கட்டலாம் என்றால், கடன் வாங்கி மனை வாங்கியவர் ஓராண்டு வட்டி கட்ட வேண்டும். அந்த வட்டி கடைசியில் வீடு வாங்குபவர் தலையில் விழும். இது உண்மையான தடை. பசுமை பேசுபவர்கள் இதைக் கேலி செய்து ஒதுக்குவது சரியன்று.

இதற்கு வழி, கணக்கெடுப்பைக் கட்டுநரிடமிருந்து பிரித்துவிடுவதே. மனைக்கு விலை பேசப்படுவதற்கு முன்பே, விடையில் எவருக்கும் இலாப நட்டம் இல்லாத காலத்திலேயே, ஊரில் ஒரு பதிவேடு இருக்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம், ஒவ்வோர் உள்ளாட்சியும் ஒரு மேலாண்மைக் குழுவை அமைக்க வேண்டும் என்கிறது. 2004-இல் வந்த விதிகள் அந்தக் குழுவின் முதன்மைப் பணியாக மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிப்பதைக் குறித்தன. இச்சட்டத்தைச் செயற்படுத்தும் தேசிய ஆணையமோ நம் தரமணியிலேயே இருக்கிறது. அப்படியிருந்தும் 2006-இல் வந்த படிவம் 1அ, 'உங்கள் ஊர்ப் பதிவேட்டில் இந்த மனையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது?' என்று ஒரு வரி கேட்கவில்லை. ஒரே அமைச்சகத்தின் இரண்டு கைகள், ஒன்று எழுதுவதை மற்றொன்று படிப்பதில்லை. அந்த ஏழாவது கேள்வியைச் சேர்த்துவிட்டு, தளப் பரப்போடு தரைப் பரப்பையும் வரம்பாக வைத்து, பதிவேட்டில் உள்ள நாளின் நிலையையே தொடக்க அளவாகக் கொண்டால், கட்டுநர் ஓராண்டு காத்திருக்கவும் வேண்டாம். ஆலோசகர் ஊகிக்கவும் வேண்டாம். பதிவேட்டைப் பார்த்து, எந்த மனையை வாங்கலாம், மனையின் எந்த மூலையை விட்டுவைக்கலாம் என்று முன்பே தீர்மானித்துக்கொள்ளலாம்.

பதிவேடுகள் பெயருக்கு எழுதப்படுகின்றன என்ற குறை உண்டு. அதை மறுப்பதற்கில்லை. மருந்துச் செடிகளின் பட்டியலை ஒரு புத்தகத்திலிருந்து பெயர்த்து எழுதிவிட்டால் அது பதிவேடாகிவிடாது. இடம், நாள், நேரம், பார்த்தவர் இந்த நான்கும் இல்லாத குறிப்புக்கு மதிப்பில்லை. ஆனால் இந்த நான்கையும் எழுத உயிரியல் பட்டம் தேவையில்லை. பொங்கல் நாட்களில் பறவைகளைக் கணக்கெடுக்கும் ஆர்வலர்கள் தமிழகம் முழுவதும் இருக்கிறார்கள். பள்ளி மாணவர்களும் அதில் சேர்கிறார்கள். சென்னை மாநகராட்சியின் ஏழாவது மண்டலமான அம்பத்தூரில் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் குறைவில்லை. மதிலுக்குள் போகவும் வேண்டியதில்லை. தெருவிலிருந்தே பாதி வேலை முடியும். ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த இரவு, எந்தக் காலி மனைக்குள்ளிருந்து தவளைச் சத்தம் வருகிறது என்று நின்று கேட்டு, தெருப் பெயரையும் மணியையும் குறித்துக்கொள்ளலாம். மதிலின் இடுக்கு வழியே தெரியும் குட்டையில் தண்ணீர் எந்தத் தேதிவரை நிற்கிறது என்று வாரம் ஒருமுறை எழுதலாம். தலைப்பிரட்டை தவளையாக மாறிக் கரையேறுவதற்குச் சில வாரங்கள் வேண்டும். தண்ணீர் அதுவரை நின்றதா என்பதே அந்த மனையைப் பற்றிய முதல் அளவீடு.